அட்டை வாசித்த ஆர்மோனியம்

சாந்தோம் மரியதாஸ் ஒரு காரியத்தைத் தொடங்கிவிட்டால் அதை யாராலும் முடிக்க முடியாது. அவராலேயே முடியாது என்பதுதான் அதில் விசேஷம்.

தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மணி அடிக்கும் என்று ஒரு கருவி செய்தார். அது தொட்டி காய்ந்து கிடக்கும்போது மட்டும் விடாமல் அடித்தது. வாசலுக்குக் காலிங் பெல் போட்டார். உள்ளே மணி அடிக்கவில்லை. அழுத்தியவருக்கு ஷாக் அடித்தது. அவர் போட்ட அலறலில் ஆள் வந்திருப்பது தெரிந்தது. "பாத்தியா, வேலை செய்யுது!" என்றார் மரியதாஸ். அன்றிலிருந்து பால்காரர்கூட எட்ட நின்று கையைத் தட்டித்தான் கூப்பிடுகிறார்.

மனுஷனுக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. சோறு சாப்பிடும்போதும் இடது கை ஒரு திருகாணியை உருட்டிக்கொண்டிருக்கும். பூசை நேரத்தில் முழங்காலில் நின்றால் பெஞ்சின் ஆணி ஆடுகிறதா என்று பார்ப்பார். மவுண்ட் ரோடில் ஒரு பெரிய ஆபீசில் பஞ்ச் கார்டு மெஷினுக்கு அட்டை ஊட்டுகிற உத்தியோகம். அட்டையை வைப்பது, அட்டையை எடுப்பது, மறுபடி வைப்பது. அந்த மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். ஆனால் தொட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று மேலதிகாரி சொல்லிவைத்திருந்தார். அதனால் அந்தத் துறுதுறுப்பையெல்லாம் பத்திரமாகப் பஸ் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டு முன்ரூமில் கொட்டினார்.

வீட்டில் காற்றும் வெளிச்சமும் வருகிற ஒரே அறை அந்த முன்ரூம்தான். அதில் வயிறு பிளந்த ரேடியோக்கள், ஒரு கிராமபோன் மோட்டார், கம்பிச் சுருள்கள், மூர் மார்க்கெட்டிலிருந்து தூக்கிவந்த பெயர் தெரியாத இரும்புகள். வந்த விருந்தாளிகள் உட்கார இடமில்லாமல் நின்றபடியே காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அப்படியும் மரியதாஸுக்கு அந்த அறைமேல் உயிர். ஆபீசில் அவர் மெஷினுக்கு வேலைக்காரர். இங்கே மெஷின்கள் எல்லாம் அவருக்குக் கைகட்டி நின்றன. வேலை செய்யாவிட்டால் என்ன, நின்றனவா இல்லையா?

அவர் மனைவி நோரா, கோவிலைச் சேர்ந்த பங்குப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பும் எடுப்பாள். அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அதனால்தான் மரியதாஸுக்கு அவளிடம் கொஞ்சம் பயம்.

ஒரு நாள் வந்து கதவோரம் நின்றாள்.

"என்னங்க."

"ம்."

"இந்த முன்ரூமை எனக்குக் குடுத்துடுங்க."

கையிலிருந்த பற்றுவைக்கும் இரும்பு தொடையிலேயே பட்டு, மரியதாஸ் துள்ளி எழுந்தார். "எதுக்கு?"

"தையல் கிளாஸுக்கு. இன்னொரு மெஷின் வருது. பொண்ணுங்க சமையல்கட்டுல உக்காந்து தைக்குதுங்க. நேத்து ஒருத்தி பாவாடைக்குப் பச்சை பார்டர் வச்சுத் தைச்சுட்டா. பிரிச்சுப் பாத்தா கொத்தமல்லி."

"அப்ப என் சாமானெல்லாம் எங்க வைக்கிறது?"

"இதெல்லாம் சாமானா?"

"நோரா, இது லேபரட்டரி!"

"பேரு என்னவோ இருந்துட்டுப் போகட்டும். இதுக்குள்ள பெருக்குமாறு போயி வருஷமாச்சு. இதுவரைக்கும் இங்கேருந்து ஒரு உருப்படி, உருப்படியா வெளிய வந்திருக்கா?"

இந்தக் கேள்விதான் மரியதாஸைச் சுட்டது. இரும்பு சுட்டதைவிட அதிகமாகச் சுட்டது. காலடியில் கிடந்த உடைந்த ஆர்மோனியப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"இதை மின்சார ஆர்மோனியமா மாத்தப்போறேன். காத்துத் துருத்தி கிடையாது, எல்லாம் டிரான்சிஸ்டர். செஞ்சு, நானே கத்துக்கிட்டு, பாஸ்கா பண்டிகைக்கு சாமியார் தீர்த்தம் தெளிச்சு வீடு மந்திரிக்க வர்றப்போ அவர் முன்னால ஒரு மாதா பாட்டு முழுசா வாசிக்கிறேன்."

"வாசிக்கலன்னா?"

"ரூம் உனக்கு!"

"வாசிச்சுட்டா?"

"எனக்கு. சாகுற வரைக்கும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

"யாரு சாகுற வரைக்கும்?"

"நீ எடுக்கவே கூடாது!"

"சரிங்க," என்றாள் நோரா. மறுப்பு இல்லை, மல்லுக்கட்டு இல்லை. அடுத்த வீட்டு ஆலிஸ் அக்கா மதில்மேல் மோவாயை வைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் சாட்சிம்மா. இன்னா அண்ணே, அப்பால பேச்சு மாறக் கூடாது, ஆமா!" என்றாள். ஆலிஸ் அக்காவுக்குத் தெரிந்தால் சாந்தோம் முழுக்கத் தெரிந்த மாதிரி. இனி பின்வாங்க வழியில்லை.

மரியதாஸ் வேலையில் இறங்கினார். டிரான்சிஸ்டர் வாங்க ரிச்சி தெரு பீர் முஹம்மது கடைக்கு அலையாய் அலைந்தார்.

"இன்னா சார், திரும்பியும் வந்துட்டே? போன வாரம் வாங்கினது இன்னா ஆச்சு?"

"கொஞ்சம் சூடாயிடுச்சு பாய்."

"கொஞ்சம்னா?"

"மேஜை பத்திக்கிச்சு."

ஆனாலும் சொல்ல வேண்டும், இந்த முறை மனுஷன் ஜெயித்துவிட்டார். கட்டைகளுக்கு அடியில் பித்தளைத் தகடு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பி, அதற்கொரு டிரான்சிஸ்டர். எல்லாம் போய்ச் சேருமிடம் ஒரு கிழட்டு வால்வு ரேடியோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கட்டையை அழுத்தினார். 'ம்ம்ம்மா' என்று ஒரு சத்தம் வீட்டையே உலுக்கியது.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆலிஸ் அக்கா எட்டிப் பார்த்தாள். "இன்னா நோரா, உங்க வூட்ல எருமை எதுனா கன்னு போட்டுக்கீதா?"

மரியதாஸ் அதைக் காதில் வாங்கவில்லை. அவருக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக, அவர் செய்த ஒன்று, செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது!

பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி, வாசிப்பது.

'தானே கற்கும் ஆர்மோனியம்' என்பது போல ஏதோ ஒரு பழைய புத்தகத்தைப் பிடித்து எதிரில் நிறுத்திவைத்துக்கொண்டார். புத்தகம் சொன்னதைக் கண் படித்தது. கண் சொன்னதை மூளை புரிந்துகொண்டது. மூளை சொன்னதை விரல் கேட்கவில்லை. வலது கை போனால் இடது கை நின்றது, இடது கை கிளம்பினால் வலது கை கோபித்துக்கொண்டது. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைக்கிற மாதிரி இருந்தது.

"என்னங்க, பாட்டு முடிஞ்சுதா?" என்று உள்ளிருந்து நோரா கேட்பாள்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"அப்ப இவ்வளவு நேரம் வந்தது?"

"அது பயிற்சி."

"யாருக்கு? எங்களுக்கா?"

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுவதும் அந்தத் தெரு உண்மையாகவே தவம் செய்தது. பாஸ்கா நெருங்க நெருங்க மரியதாஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தார். பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியில் விரலால் தட்டித் தட்டிப் பழகினார். முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பி, "இன்னா நைனா, என் முதுகு உனக்குத் தபேலாவா?" என்று கேட்டார். நோராவோ தையல் பெண்களிடம், "ஜன்னல் பக்கம் ஒரு மெஷின், சுவரோரம் ஒரு மெஷின்," என்று கையைக் காட்டிக் காட்டி அளந்துகொண்டிருந்தாள். அந்த அறை போய்விட்டால் அவருக்கு மிச்சம் என்ன? ஆபீசும் அட்டையும்தான்.

அட்டை!

ஆபீசில் மெஷினுக்கு அட்டை ஊட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இந்த மெஷினுக்கு என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. அட்டையில் துளை இருந்தால் ஒரு வேலை, இல்லாவிட்டால் வேறு வேலை. மாடியில் புரோகிராம் எழுதுகிற பிள்ளைகள் எந்தத் துளை எங்கே என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மெஷின் அதன்படி ஆடுகிறது. கணக்குப் போடத் தெரியாத மெஷின் கணக்குப் போடும் என்றால், பாட்டு வாசிக்கத் தெரியாத மரியதாஸ் பாட்டு வாசிக்க மாட்டாரா?

ஆபீசில் கழித்துப் போட்ட, துளை விழாத அட்டைகள் வீட்டுக்கு வந்தன. கிராமபோன் மோட்டாருக்கு உயிர் வந்தது. அட்டைகளை நுனியோடு நுனி ஒட்டி நீளமான பட்டையாக்கி, ஒரு செப்பு உருளைமேல் ஓடவிட்டார். மேலே வரிசையாகப் பித்தளை விரல்கள். துளை வருகிற இடத்தில் விரல் உருளையைத் தொடும், தொட்டால் அந்த ஸ்வரம் பேசும். மாதா பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எந்த இடத்தில் எந்தத் துளை என்று கணக்குப் போட்டு, காதைத் துளைக்கிற மாதிரி அட்டையைத் துளைத்தார். அதுதான் அவருடைய புரோகிராம்.

லேசில் படியவில்லை. ஒரு துளை தப்பினால் மாதா பாட்டின் நடுவில் கப்பல் சங்கு ஊதியது. ஒரு முறை பட்டையைத் தலைகீழாக மாட்டிவிட்டார். பாட்டு ஆமெனில் தொடங்கி ஆரம்பத்தில் வந்து முடிந்தது. அட்டைகளைப் பிய்த்தார், ஒட்டினார், மறுபடி துளைத்தார். கடைசியில் ஒரு சாயங்காலம், நோரா கோவிலுக்குப் போயிருந்த சமயம், பாட்டு பிசகில்லாமல் ஓடியது. ஆர்மோனியக் கட்டைகளுக்குப் போகிற கம்பிகளையெல்லாம் மரியதாஸ் கழற்றிவிட்டார். இனி கட்டைகள் ஊமை. அவர் சும்மா விரலை ஓட்டினால் போதும், பெட்டிக்குள் மறைந்திருக்கிற அட்டை வாசித்துக்கொள்ளும். முழங்காலால் தட்டுகிற மாதிரி மேஜைக்கடியில் ஒரு சுவிட்ச். மோட்டார் இரைச்சலை மறைக்க மேஜை விசிறி. ஆஹா! தன் மூளையை நினைத்துத் தனக்கே கையைக் கொடுத்துக்கொண்டார்.

பாஸ்கா வந்தது. வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியார் ராஜநாயகம் வந்தார். கூடவே ஆலிஸ் அக்கா வந்தாள். ஆலிஸ் அக்கா வந்ததால் தெருவே வந்தது.

"என்னப்பா மரியதாஸ், ஏதோ வாத்தியம் பண்ணியிருக்கியாமே?"

"எல்லாம் மாதா கிருபை, சாமி."

"வாசியேன், கேப்போம்."

மரியதாஸ் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். முழங்காலால் ஒரு தட்டு. உள்ளே அட்டை நகர்ந்தது, பாட்டு பிறந்தது. விரல்களை இங்கும் அங்கும் ஓடவிட்டார். தலையை ஆட்டினார். இடையிடையே ஒரு பெருமூச்சும் விட்டுக்கொண்டார். கூடியிருந்தவர்கள் உருகிப்போய்த் தலை குனிந்து முணுமுணுத்துப் பாடினார்கள். ஆலிஸ் அக்கா மூக்கை உறிஞ்சினாள். சாமியாருக்கோ பரவசம் தாங்கவில்லை. தீர்த்தச் செம்பை எடுத்து, மெஷின்மேலும் மரியதாஸ்மேலும் தாராளமாகத் தெளித்து, "பிதா சுதன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே," என்றார்.

பிறந்த நாளிலிருந்து பழகிய பழக்கம். மேலே தீர்த்தம் விழுந்தால் கை தானாகச் சிலுவை போடும். மரியதாஸின் வலது கை நெற்றிக்குப் போயிற்று, நெஞ்சுக்கு வந்தது, தோளுக்குத் தோள் போயிற்று. இடது கை பக்தியோடு மார்பில் ஒட்டிக்கொண்டது. ஆமென் என்று சொல்லி முடிக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது!

வெடுக்கென்று இரண்டு கையையும் கட்டைமேல் போட்டார். ஓரக்கண்ணால் பார்த்தார். எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்கள். நோராவும்தான். அப்பாடா என்று மூச்சு வந்தது.

பாட்டு முடிந்தது. ஒரே ஆரவாரம். நோரா முன்னால் வந்தாள்.

"நான் தோத்துட்டேங்க. ரூம் உங்களுது," என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். மரியதாஸ் ஒரு சாண் உயர்ந்தார். அவள் சாமியார் பக்கம் திரும்பினாள். "சாமி, நம்ம கோவில்ல ஆர்மோனியம் வாசிக்கிற பெரியவர் கொட்டிவாக்கத்துக்குக் குடி போயிட்டாரே. மாதா திருநாளுக்கு ஆள் இல்லன்னு சொன்னீங்களே?"

"ஆமாம்மா, அதான் கவலையா இருக்கு."

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையலாமா, சாமி?"

சாமியார் மரியதாஸைப் பார்த்தார். தெருவே மரியதாஸைப் பார்த்தது. மரியதாஸ் தரையைப் பார்த்தார்.

"சாமி, அது வந்து, இந்த மெஷின்லதான் எனக்குக் கை பழக்கம்…"

"இதுல வாசிக்கிறவனுக்கு அதுல வாசிக்கிறது கஷ்டமா? அது நல்ல மேல்நாட்டு ஆர்மோனியம்பா. முடிஞ்சது. திருநாள் பெரிய பூசைக்கு நீதான் வாசிக்கிறே!"

சாமியார் கிளம்பினார். நோரா வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். மரியதாஸ் தான் ஜெயித்த அறையின் நடுவில் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதன்பிறகு அந்த மனுஷன் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள். மெய்யாகவே கற்றுக்கொள்வது என்று மறுபடி புத்தகத்தைத் திறந்தார். மாமியாரும் மருமகளும் இன்னும் சமாதானமாகவில்லை. ராத்தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் விரலில் பெரிய கட்டோடு வந்து நின்றார்.

"என்னங்க கையில?"

"வெட்டிக்கிட்டேன். திருநாளுக்குள்ள ஆறாது போலிருக்கு. சாமியார்கிட்ட சொல்லிடேன்."

"எந்த விரலு?"

"சுண்டு விரல்."

"அட, அது இல்லாட்டி என்ன? நீங்க வாசிக்கிற வாசிப்புக்குக் கையே தேவையில்லீங்க."

மரியதாஸ் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அதில் பக்தியும் பெருமையும் தவிர வேறொன்றும் இல்லை. மறுநாள் விரலில் போட்ட கட்டை அவிழ்த்துவிட்டார்.

சாமியாரிடம் நேரே போய் உண்மையைச் சொல்லிவிடலாமா? சொல்லலாம். சொன்னால் கோவிலில் எடுபிடி வேலை பார்க்கிற கோவில்பிள்ளைக்குத் தெரியும், கோவில்பிள்ளை மூலம் ஆலிஸ் அக்காவுக்குத் தெரியும், தெரு சிரிக்கும், ரூம் போகும். சொல்லாவிட்டால்? பெரிய பூசையில், சபை முழுக்க எழுந்து நிற்க, ஆர்மோனியத்திலிருந்து எருமை கத்தும். புலிவாலைப் பிடித்தவன் கதை. விடவும் முடியாது, பிடிக்கவும் முடியாது.

அவர் குட்டி போட்ட பூனைபோல் வளைய வந்துகொண்டிருப்பதை நோரா பார்த்தாள். துணியில் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, மனசுல ஏதாச்சும் பாரம் இருக்கா?"

"பாரமா? எனக்கா? சேச்சே!"

"இருந்தா சாமியார்கிட்ட போய் ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம் பண்ணிடுங்களேன். பாவத்தைச் சொல்ற அந்தக் கூண்டுத் தொட்டிக்குள்ள சொன்னது வெளிய வராது. கழுத்தை அறுத்தாலும் சாமியார் சொல்லக் கூடாது. பிள்ளைங்களுக்கு நான் பாடமே எடுக்கிறேன்."

மரியதாஸ் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. ஆஹா! இந்தப் பைத்தியக்காரி தன் வாயாலேயே வழி காட்டிவிட்டாள்! தொட்டியில் போய்ச் சொன்னால் சாமியாருக்கு உண்மை தெரிந்துவிடும். அவர் சத்தமில்லாமல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். ஆனால் ஒருவரிடமும் காரணம் சொல்ல முடியாது. மானமும் மிஞ்சும், ரூமும் மிஞ்சும். சட்டையை மாட்டிக்கொண்டு கோவிலுக்கு ஓடினார்.

தொட்டியருகே முழங்காலில் நின்று, வலைத் துவாரத்தில் வாயை வைத்து, ஒன்று விடாமல் சொன்னார். அட்டை, துளை, மோட்டார், முழங்கால் சுவிட்ச், எல்லாம். உள்ளே சாமியாருக்குத் திடீரென்று இருமல் வந்தது. வெகுநேரம் இருமினார்.

"சரிப்பா. பொய் பாவம். மனசு வருந்தி மனஸ்தாபப்படு. அருள் நிறை மந்திரம் மூணு தரம் சொல்லு. சமாதானமாப் போ."

மரியதாஸ் எழுந்திருக்கவில்லை. "சாமி, அப்போ திருநாளுக்கு வேற ஆளைப் பாத்துக்குவீங்க இல்ல?"

"எதுக்கு?"

"எனக்குத்தான் வாசிக்கத் தெரியாதுன்னு சொன்னேனே!"

"யார்கிட்ட சொன்னே?"

"உங்ககிட்ட."

"என்கிட்ட சொல்லல. ஆண்டவர்கிட்ட சொன்னே. இதுக்குள்ள கேட்டதை வச்சு நான் வெளிய ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியாது. உன்னை மாத்தினா ஏன் மாத்தினேன்னு ஊர் கேக்கும். அப்புறம் என் ஆத்துமம் நரகத்துக்குப் போறதா?"

"ஐயோ சாமி!"

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. வெளிய வந்து, எல்லாரையும்போல மண்டபத்துல நின்னு, எனக்கு வாசிக்க வராது சாமின்னு ஒரு வார்த்தை சொல்லு. தீந்துபோச்சு."

மரியதாஸ் எழுந்து வெளியே வந்தார். மண்டபத்தில் பாடகர் குழுப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். நடுநாயகமாக ஆலிஸ் அக்கா. தொட்டியிலிருந்து சாமியாரும் வெளியே வந்தார். அவர் முகம் துடைத்துவைத்த கண்ணாடி போல இருந்தது.

"அடடே, வாப்பா! நம்ம ஆர்மோனியக்காரர்! என்ன விஷயம்? ஏதாவது சொல்லணுமா?"

அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். மரியதாஸ் வாயைத் திறந்தார்.

"ஸ்தோத்திரம் சாமி," என்றார். வீட்டுக்கு வந்துவிட்டார்.

நோரா பொத்தான்களைத் தைத்து முடித்திருந்தாள். மரியதாஸ் அவள் எதிரில் வந்து நின்றார்.

"நோரா, முன்ரூமை நீயே எடுத்துக்கோ."

"எதுக்குங்க? நீங்க ஜெயிச்சது."

"பரவாயில்ல, எடுத்துக்கோ."

"ஐயையோ வேணாங்க. புருஷன் கஷ்டப்பட்டு வாசிச்சு ஜெயிச்ச ரூமைப் பிடுங்கிட்டான்னு நாலு பேர் பேசுறதுக்கா?"

"நான் வாசிக்கலடி! அட்டை வாசிச்சுது!"

சொல்லிவிட்டு ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். நோரா ஊசியைத் துணியில் குத்திவைத்தாள்.

"தெரியும்."

"தெரியுமா?"

"தீர்த்தம் தெளிச்சப்போ சிலுவை போட்டீங்களே. ஒரு கை நெத்தியில, ஒரு கை நெஞ்சுல. பாட்டு மட்டும் நிக்கல. வேற யார் வூட்டுல நடந்திருந்தாலும் மாதா பண்ணின அற்புதம், புதுமைன்னு மண்டி போட்டிருப்பேன். உங்களோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிட்டேனே."

மரியதாஸ் கெஞ்சினார். "நோரா, நீ என் ராசாத்தி இல்ல? நீயே போய் சாமியார்கிட்ட பக்குவமா சொல்லிடு. ஆலிஸ் காதுல விழாம சொல்லு. ரூமை எடுத்துக்கோ."

"வேணாங்க. பந்தயம்னா பந்தயம்."

"உன் கால்ல விழட்டுமா?"

"சேச்சே, பாவம். ரூம் எனக்கு வேணாங்க."

"ஜன்னல் பக்கம் மெஷின் போட்டா நல்ல வெளிச்சம் வரும்டி. நான் பெருக்கித் தர்றேன். கழுவித் தர்றேன். சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சுத் தர்றேன்!"

நோரா தைத்த துணியை உதறி மடித்து வைத்தாள். "நீங்க இவ்வளவு ஆசைப்படுறீங்க. மாட்டேன்னு சொன்னா நல்லா இருக்காது," என்றாள்.

அன்று மரியதாஸ் வேலை செய்த வேகத்துக்கு ஆபீஸ் மெஷின்கூட ஈடாகாது. ரேடியோக்கள் பரணுக்குப் போயின. இரும்புகள் கொல்லைக்குப் போயின. மின்சார ஆர்மோனியத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளும்போது மட்டும் அதை ஒரு முறை வேட்டி முனையால் துடைத்துவிட்டார். பெருக்கினார், கழுவினார், சுண்ணாம்பு அடித்தார். இரண்டு தையல் மெஷினையும் தானே சுமந்துவந்து இறக்கினார். நோரா ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். காலை மிதித்தாள். மெஷின் கடகடவென்று ஓடியது.

மரியதாஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "சாமியார்கிட்ட எப்பப் போய் சொல்லப்போற?"

"சொல்லியாச்சே."

"எப்ப? இப்பவரைக்கும் இங்கதானே இருந்தே?"

"வீடு மந்திரிச்ச அன்னிக்கே. வாசல்வரைக்கும் வழியனுப்பப் போனேன் இல்ல, அப்ப. அன்னியிலேருந்து ஆலிஸ் அக்கா கான்வென்ட் ஆர்மோனியத்துல பழகிக்கிட்டு இருக்காங்க. சின்ன வயசுல சிஸ்டருங்ககிட்ட கத்துக்கிட்டவங்களாம், நல்லாவே வாசிக்கிறாங்க."

ஆலிஸ் அக்காவா! "அப்ப சாமியார் என்னை ஆர்மோனியக்காரர்னு கூப்பிட்டது?"

"நீங்களா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ற வரைக்கும் அவரும் காட்டிக்கப்போறதில்லன்னாரு."

"அடிப்பாவி! அப்ப நான் ரூமைக் குடுத்திருக்கவே வேணாமே!"

"நான்தான் வேணாம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, நீங்க எங்க கேட்டீங்க? கொஞ்சம் அந்தாண்ட நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."